பூசையில் நின்ற எட்டு மூட்டை

அன்று ஆபீஸ் அறையில் முதலாளி இருந்தார். முதலாளியம்மா இருந்தார், கையில் சந்தனக் கிண்ணம். கணக்கர் இருந்தார், கையில் மூக்குப்பொடி டப்பா. தறி மேஸ்திரி வாசற்படியில் நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. சேலத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் தம்பி இருந்தார். கம்ப்யூட்டர் இருந்தது. அதையும் ஓர் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். அறையில் இருந்த ஒரே மின்விசிறி அதற்காகத்தான் ஓடியது. கடைசியாக நான். குடோன் ஆள். கையில் சீட்டு.

வெளியே தறி ஓட்டுகிறவர்கள் பொரிக்குக் காத்திருந்தார்கள். அவர்களை நான் எண்ணவில்லை.

ஆயுத பூசை நாள். எண்பதுகளின் பின்பாதி. குமாரபாளையத்தில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் விசைத்தறிக் கொட்டகை. ஒரு கோடியில் நூல் குடோன். மறு கோடியில் சைசிங், அதாவது நூலுக்குக் கஞ்சி போடுகிற இடம். நடுவில் முற்றம் மாதிரி வாசல். குடோனிலிருந்து சைசிங்குக்கு மூட்டை போகும். எத்தனை போயிற்று, எத்தனை மிச்சம் என்பதுதான் எங்கள் ஆபீஸின் மொத்தக் கணக்கு. சொன்னால் லேசாக இருக்கும்.

எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீஸ் கிடையாது. நான் ஐந்தாவது வரை படித்தவன். ஒரு மூட்டை வெளியே போனால் குடோன் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவேன். மாதம் முடிந்ததும் முதலாளி வந்து கோடுகளை எண்ணுவார். ஒரு பொங்கலுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளையடித்துவிட்டார்கள். சுவர் பளிச்சென்று இருந்தது. முதலாளி சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கணக்கு எங்கடா?"

"உள்ள இருக்குதுங்க. சுண்ணாம்புக்கு அடியில."

அடுத்த வாரம் கணக்கரை வேலைக்கு வைத்தார். கணக்கர் நல்ல எழுத்துக்காரர். குடோனுக்கு ஒரு நோட்டு, சைசிங்குக்கு ஒரு நோட்டு. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தக் காற்றில் உட்கார்ந்து எழுதினார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு வெக்கை ஆகாது என்றார்கள். கணக்கர் நாற்காலி மூலைக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவருக்கும் அதற்கும் பேச்சு வார்த்தை இல்லை.

மிஷின் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருந்த ஒரு கடையிலிருந்து வந்தது. கூடவே தம்பியும் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. ராசிபுரத்துப் பக்கம் தறிக்கார வீட்டுப் பிள்ளை. முதலாளி முதல் நாளே பேசி முடித்துவிட்டார்.

"இங்க பாரு தம்பி. விசயதசமியன்னிக்குக் குடோனத் தொறந்து எண்ணுவேன். குடோன்ல இருக்கற மூட்டையும் உன்ற பொட்டி சொல்ற மூட்டையும் ஒத்து வரோணும். வந்தா பொட்டி இங்க இருக்கும். ஒரு மூட்டை பெசகுனாலும் ரெண்டு பேரும் பஸ் ஏறிக்கங்க."

"சரிங்க" என்றார் தம்பி.

அப்புறம் சோறு தின்னும்போது என்னிடம் சொன்னார்.

"எங்க கடை ஓனரு என்ன சொல்லி அனுப்புனாருன்னு தெரியுங்களா? மிஷின் திரும்பி வந்தா மிஷின் மட்டும் வரட்டும், நீ அப்பிடியே உங்க ஊட்டுக்குப் போயிருன்னாருங்ணா."

"ஊட்டுல?"

"அப்பா தறிக்குழில இடம் வெச்சுட்டுக் காத்துட்டு இருக்கறாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அந்த மிஷினில் இரண்டு பொந்து இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு அட்டை போகும். சதுரமாக, அப்பளம் மாதிரி மெலிசாக இருக்கும். பிளாப்பி என்பார்கள். பொந்துக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு லைட். நான் சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிற நேரத்தில் வேறு என்ன பார்ப்பது? லைட்டைப் பார்ப்பேன். எப்போதும் கீழ் லைட்தான் முதலில் எரியும். அது அணைந்த பிறகுதான் மேல் லைட். ஒரு நாளும் மாறி எரிந்ததில்லை.

ஒரு நாள் கேட்டேன். "எதுக்குங்க தம்பி, கீழதான் முந்திக்குது?"

"கீழ இருக்கறது வேலைக் குறிப்புங்ணா. மேல இருக்கறது இருப்பு. எதைச் செய்யறதா இருந்தாலும், செய்யப் போறேன்னு முதல்ல கீழ எழுதிருவேன். எழுதியாச்சுன்னு உறுதியான பொறவுதான் மேல கை வெப்பேன்."

மூலையிலிருந்து கணக்கர் குரல் கொடுத்தார். "ஒரு சோத்துக்கு ரெண்டு எலை போடற கம்பெனி."

"இருப்பை மாத்தீட்டு இருக்கறப்ப கரண்டு போச்சுன்னு வெச்சுக்கங்க. மேல பாதி மாறி, பாதி மாறாம நிக்கும். எது மாறுச்சு, எது மாறலைன்னு பாத்தாத் தெரியாது. கீழ எழுதியிருந்தாத்தான் தெரியும்."

"என்ற நோட்டுக்குக் கரண்டே வேண்டாம்."

"நோட்டுக்கு வேண்டாமுங்க. எழுதறவருக்குப் பொடி ஓணுமில்லீங்க?"

முதலாளி சிரித்துவிட்டார். கணக்கர் டப்பாவை மூடி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்.

"அது சரி. கீழ எழுதற நேரத்துக்கு மேலயே எழுதி முடிச்சறலாமல்ல?"

"முடியாதுங்க. மேல மாத்தோணும்னா அந்த நம்பரு எங்க இருக்குதுன்னு தேடிப் போகோணும். கீழ தேடற வேலையே இல்லீங்க. கடைசி வரிக்குக் கீழ ஒரு வரி. அவ்வளவுதான்."

இது எனக்குப் புரிந்தது. கரிக்கோடும் அப்படித்தான். முந்தின கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. சுவர் முழுக்கத் தேட வேண்டியதில்லை.

மூட்டை சைசிங்குக்குப் போனால் தம்பி மூன்று வரி எழுதுவார். குடோனில் கழிவு, ஒரு வரி. சைசிங்கில் வரவு, ஒரு வரி. மூன்றாவது வரி, முடிந்தது.

"மூணாவது வரி இல்லீன்னா அந்த வேலையே நடக்கலைன்னு அர்த்தமுங்க."

"நடந்திருந்தா?" என்றார் கணக்கர்.

"மூணாவது வரி இருக்குமுங்க."

கணக்கர் என் பக்கம் திரும்பினார். "பேச்சுல மட்டும் பிசிறே இல்ல பாத்துக்க."

சனிக்கிழமை தோறும் தம்பி மேல் பிளாப்பியை இன்னொரு பிளாப்பியில் அப்படியே நகல் எடுப்பார். நகலை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுப்பார். நான் குடோன் விட்டத்தில் வைப்பேன்.

"இங்கயே இருந்தா என்னங்க?"

"ஆபீசுல தீப்புடிச்சா எல்லாம் ஒண்ணாப் போயிருமில்லீங்ணா."

"குடோன்ல தீப்புடிச்சா?"

தம்பி யோசித்தார். "அப்பக் கணக்கே தேவைப்படாதுங்ணா."

இனி பூசை நாளுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஆயுத பூசை என்றால் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். தறி நிற்கும். நின்ற மிஷினுக்குத்தான் பொட்டு. இறக்கிய பிறகு யாரும் எந்தப் பொருளையும் வேலைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலை மறுபூசை முடிந்துதான் தொடலாம். கையில் திருப்புளி இருந்தால் திருப்புளியைக் கீழே வைக்க வேண்டும். அது வழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எட்டு மூட்டை சைசிங் போக வேண்டியிருந்தது. நான் ஏற்றிவிட்டேன். இரண்டு ஆட்கள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். நான் சீட்டோடு ஆபீஸுக்கு வந்தேன். முதலாளியம்மா சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். ராகுகாலம் வரப்போகிறது என்று முதலாளி அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கர் சீட்டை வாங்கிப் படித்தார். தம்பி மிஷினில் தட்ட வேண்டும். கணக்கர் தன் நோட்டிலும் எழுதிக்கொள்வார். அதுதான் நடைமுறை.

"குடோன்ல கழிவு, எட்டு."

தம்பி தட்டினார். கீழ் லைட் எரிந்து அணைந்தது. கணக்கர் குடோன் நோட்டில் எட்டைக் கழித்தார். அடுத்தது சைசிங் வரவு. கணக்கர் பொடி டப்பாவைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்தார். மூக்குக்குக் கொண்டு போனார்.

"ஏப்பா மேஸ்திரி, நேரமாச்சு. எறக்குப்பா" என்றார் முதலாளி.

மேஸ்திரி இறக்கிவிட்டார்.

தறிச் சத்தம் நின்றது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. கம்ப்யூட்டர் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கிக் கறுத்தது. அப்போதுதான் கணக்கர் தும்மினார்.

"அய்யோ" என்றார் தம்பி.

"என்ன கண்ணு, வலிக்குதா?" என்றார் முதலாளியம்மா.

"இல்லீங்கம்மா. பாதி வேலைல..."

"பாதி வேலையெல்லாம் நாளைக்கு. நல்ல நேரத்துல அய்யோங்காத." அவர் மிஷினுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "கணக்கு நோட்டெல்லாம் எடுத்துக் குடுங்க. சரசுவதிக்கு வெக்கோணும்."

கணக்கர் இரண்டு நோட்டையும் மரியாதையாக மூடி நீட்டினார். எழுதினது பாதி என்பது அவருக்கு நினைவில்லை. தும்மல் இன்னும் மிச்சம் இருந்தது.

முதலாளியம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இதுல கணக்கு எங்க கண்ணு இருக்குது? முழுசா இதைத் தூக்கிட்டுப் போக முடியாதல்லோ."

தம்பி வெள்ளந்தி. உள்ளதைச் சொல்லிவிட்டார். "மேல இருக்கற அட்டைலங்கம்மா."

"குடு."

தம்பி பிளாப்பியை எடுத்தார். காகித உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தார். முதலாளியம்மா உறையைத் திருப்பிப் பார்த்தார். பிளாப்பியை வெளியே உருவினார்.

"அம்மா, உறையோடவே..."

"உறைக்கா பொட்டு வெப்பாங்க? மாப்பளையோட சட்டைக்குப் பொட்டு வெச்சாப் போதுமா?"

அந்தக் கறுப்பு அட்டையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கிற வட்டத் தகடு அதில் தெரியும். அந்த இடத்தில் விரல் படக்கூடாது என்று தம்பி எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். முதலாளியம்மாவுக்குச் சொல்லவில்லை. அவர் ஆபீஸுக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் வருவார்.

அவருக்குத் தாராளமான கை. மூன்று விரலில் சந்தனம் எடுத்தார். சரியாக அந்தத் திறப்பில் அப்பினார். அதன் மேல் குங்குமம் வைத்தார். ஒரு துளி மஞ்சள் தண்ணீரும் தெளித்தார்.

தம்பி வாய் திறந்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். தம்பி வாயை மூடிக்கொண்டார்.

"கீழயும் ஒண்ணு இருக்குதே. அது என்னது?"

"அது கணக்கு இல்லீங்கம்மா. வெறும் குறிப்புங்க. அதெல்லாம் சாமிக்கு ஆகாதுங்க." தம்பி அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஆகாதுன்னா அங்கயே கெடக்கட்டும்."

வெளியே வந்தோம். வாசல் நடுவில் தள்ளுவண்டி நின்றது. தறிச் சத்தம் நின்றதும் தள்ளினவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். வண்டி நின்ற இடம் சரிபாதி. குடோனுக்கும் சைசிங்குக்கும் நடுவில், எட்டு மூட்டையோடு.

"நல்ல ஒசரம்" என்றார் முதலாளியம்மா. மூட்டைகள் மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தார்கள். அதன் மேல் சாமி படம், பொரி, கடலை, சுண்டல், திருப்புளி, ஸ்பேனர், கணக்கரின் இரண்டு நோட்டு, பிளாப்பி. பூசை நடந்தது. குடோன் கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டுக்கும் பொட்டு வைத்தார்கள். காலையில்தான் திறக்க வேண்டும்.

"நாளைக்கு மறுபூசை முடிஞ்சு கரண்டு போட்டதும் எண்ணிருவோம்" என்றார் முதலாளி. மறக்கவில்லை.

பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். தம்பி குடோன் சுவரோரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொரியைப் பிடிப் பிடியாகத் தின்றார். கடலையை மட்டும் ஒதுக்கி வைத்தார், ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"டப்பா பத்திரமாங்ணா?"

"விட்டத்துல இருக்குது."

"எலி?"

"எலி பிஸ்கட்டுக்குத்தான் வரும். பிஸ்கட்டுத் தீந்து நாளாச்சுங்க."

தலையாட்டினார். "இருப்பு அட்டை போனதே போனதுதானுங்ணா. சந்தனம் காஞ்சிருக்கும். ஆனா சனிக்கெழமை நகல் இருக்குது. அதுக்கப்பறம் நடந்த வேலையெல்லாம் குறிப்புல இருக்குது. நகலை வெச்சுட்டு, குறிப்பைப் பாத்து ஒவ்வொண்ணாத் திரும்பச் செஞ்சா இன்னைக்கு வரைக்கும் வந்தறலாம்."

"அப்ப எதுக்குங்க பயம்?"

"எழுதி வெச்சிருக்கறன். இன்னைக்கு வரைக்கும் நெசமா ஒரு தடவை கூடச் செஞ்சு பாத்ததில்லீங்ணா."

அவர் ஒதுக்கி வைத்த கடலையைத் தின்றேன்.

காலையில் மறுபூசை. கற்பூரம் காட்டி முதலாளியம்மா சாமி படத்தை வடக்கே ஒரு விரல் நகர்த்தி வைத்தார். நகர்த்தினால் பூசை முடிந்தது. நோட்டையும் பிளாப்பியையும் எடுத்துக் கொடுத்தார்கள். படம் அங்கேயே இருந்தது, வேட்டியும் அங்கேயே. மேஸ்திரி மெயினைப் போட்டார்.

பிளாப்பியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. தம்பி துண்டை எடுத்தார்.

"அதைத் தொடைக்காத கண்ணு. சாமிக்கு வெச்சது" என்றார் முதலாளியம்மா.

"தொடைச்சாலும் ஆகாதுங்கம்மா." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

முதலாளி மெதுவாகக் கேட்டார். "அது இல்லாம முடியுமா?"

மனைவி பூசின சந்தனத்தால் கணக்குப் போயிற்று என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. மூலையில் கணக்கர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மின்விசிறிப் பக்கம் நகர்த்தத் தயாராக.

"முடியுங்க. அண்ணா, டப்பா."

பூட்டைத் திறந்தேன். விட்டத்திலிருந்து டப்பாவை எடுத்து வந்தேன். தம்பி நகலிலிருந்து ஒரு புது பிளாப்பியில் இன்னொரு நகல் எடுத்தார். "நகல்ல நேராக் கை வெக்கக்கூடாதுங்க" என்றார். புது பிளாப்பி மேல் பொந்துக்குப் போயிற்று. வேலைக் குறிப்பு கீழேயே இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏதோ தட்டினார்.

கீழ் லைட் எரிந்தது. மேல் லைட் எரிந்தது. கீழ். மேல். கீழ். மேல்.

"என்ன நடக்குது?" என்றார் முதலாளி.

"சனிக்கெழமைக்கு அப்பறம் நடந்ததெல்லாம் வரிசையாத் திரும்ப நடக்குதுங்க."

திரையில் வரி ஓடியது. நான் வாரம் முழுக்க முதுகில் ஏற்றி இறக்கின மூட்டையெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. வியர்வை இல்லாமல்.

கணக்கருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் நோட்டோடு எழுந்து வந்தார். தம்பி ஒவ்வொரு வரியாகப் படித்தார். கணக்கர் விரல் வைத்துப் பார்த்தார்.

"திங்கக்கெழமை அஞ்சு."

"ஆமா. அஞ்சு."

"மத்தியானம் ஆறு."

"ஆமா." கொஞ்சம் போனதும் நிறுத்தினார். "ஏந்தம்பி, இதுல சிலது நகல்லயே கழிஞ்சிருந்தா? மறுபடியும் கழிச்சா ரெண்டு கழிவாயிருமல்லோ?"

"எட்டைக் கழின்னு எழுதறதில்லீங்க. கழிச்சா மிச்சம் இத்தனைன்னு எழுதறன். அதை எத்தனை தடவை எழுதுனாலும் மிச்சம் அதேதானுங்களே."

கணக்கர் மூலைக்குத் திரும்பிப் போகவில்லை.

கடைசி வரியில் மிஷின் நின்றது. இங்கிலீஷில் என்னவோ வந்தது. தம்பி படித்துச் சொன்னார்.

"ஒரு வேலை முடியலைங்குது. மூணாவது வரி இல்ல. அதை எடுத்துக்காம விட்டுருச்சுங்க." திரையைப் பார்த்தார். "சைசிங்குல நாப்பது. குடோன்ல நூத்தி எழுவத்தி மூணு."

"எண்ணு" என்றார் முதலாளி என்னிடம்.

குடோனுக்குப் போனேன். எண்ணினேன். திரும்பி வந்தேன்.

"நூத்தி அறுவத்தஞ்சுங்க."

மின்விசிறி மட்டும் ஓடியது.

"என்ற நோட்டுலயும் நூத்தி அறுவத்தஞ்சு" என்றார் கணக்கர். சொல்லிக்கொண்டே நாற்காலியில் கை வைத்துவிட்டார்.

தம்பி பையை எங்கே வைத்தோம் என்று பார்க்கிற மாதிரி சுற்றிப் பார்த்தார்.

"வண்டி மேல எட்டு இருக்குதுங்க" என்றேன்.

"எந்த வண்டி?"

"சாமி உக்காந்திருக்குதே, அந்த வண்டிங்க."

எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வேட்டிக்குக் கீழே மூட்டையின் காது தெரிந்தது.

முதலாளி கணக்கு தெரிந்தவர். சும்மா பணம் சேர்ந்துவிடாது. "சைசிங்குல எத்தனை மேஸ்திரி?" என்றார். மேஸ்திரி ஏற்கெனவே எண்ணிவிட்டிருந்தார். நாற்பது. முதலாளி கணக்கரைப் பார்த்தார்.

"உங்க ரெண்டு நோட்டையும் கூட்டுங்க."

கணக்கர் கூட்டினார். மறுபடி கூட்டினார். "இருநூத்தி அஞ்சுங்க."

"கையில இருக்கறது இருநூத்திப் பதிமூணு. எட்டு மூட்டைய எங்க விட்டீங்க?"

"குடோன்ல கழிச்சிட்டனுங்க. சைசிங்குல எழுதறதுக்குள்ள..."

"பொடி போட்டீங்க."

கணக்கர் கொஞ்சமும் அசரவில்லை. "வண்டிய அக்கட்டால சைசிங்குக்குத் தள்ளச் சொல்லுங்க. ஒரு வரி எழுதுனா என்ற நோட்டு சரியாயிரும். கதவு தாண்டுன மூட்டை போன மூட்டைதானுங்க."

"இல்லீங்க, இக்கட்டால குடோனுக்குத் தள்ளுங்க" என்றார் தம்பி. "சைசிங்கு சேராத மூட்டை போகாத மூட்டைங்க. பாதில நின்ன வேலை நடக்காத வேலை. மிஷின் அதைத்தான் சொல்லுது. மொத்தம் சரியா வருதுங்களா இல்லீங்களா?"

"இப்பிடித் தள்ளுனா அவரு சரி, அப்பிடித் தள்ளுனா நீ சரி. நல்லா இருக்குதுடா உங்க கணக்கு" என்றார் முதலாளி. பேச்சு வாசலுக்கு வந்துவிட்டது. கணக்கர் வண்டியின் ஒரு பக்கம் நின்றார். தம்பி மறுபக்கம் நின்றார். நடுவில் சாமி படம் யாரையும் பார்க்காமல் இருந்தது.

முதலாளியம்மா சுண்டல் பாத்திரத்தோடு வந்தார். "என்ன சத்தம்?"

முதலாளி சொன்னார். முதலாளியம்மா கேட்டு முடிக்கவில்லை.

"விசயதசமியும் அதுவுமா முதல் வேலை பொருளை வெளிய அனுப்பறதா? உள்ள கொண்டு போங்க. முதல்ல வரவு, அப்பறம்தான் கழிவு. இது கூடத் தெரியாம என்ன கணக்கு எழுதறீங்க?"

அதற்கு மேல் அப்பீல் இல்லை. முதலாளி கையைக் காட்டினார். படத்தை எடுத்தார்கள். வேட்டியை மடித்தார்கள். நானும் தம்பியும் வண்டியைத் திருப்பினோம். தம்பிக்குத் தள்ளத் தெரியவில்லை. ஆனால் விடவில்லை. வண்டி குடோனுக்குள் போயிற்று. எட்டையும் இறக்கி அடுக்கினேன்.

"முதல்ல இருந்து எண்ணு" என்றார் முதலாளி. "நூத்தி அறுவத்தஞ்சோட எட்டுன்னு வாயில கூட்டாத. ஒவ்வொண்ணையும் கை வெச்சு எண்ணு."

எண்ண ஆரம்பித்தேன். தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணக்கர் பக்கத்தில் வந்து நின்றார். விரல் மடக்கித் தானும் எண்ணினார். பாதியில் தம்பியின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஒத்துச்சுன்னா நாற்காலிய உன்ற பக்கமே போட்டுக்கறன் தம்பி. காத்து அதுக்கு மட்டுமா ஓணும்?"

தம்பி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசைக்கு வந்தேன். மூட்டைகளில் கொஞ்சம் குங்குமம் இருந்தது. கடைசி மூட்டையில் கை வைத்துச் சத்தமாகச் சொன்னேன்.

நூற்று எழுபத்து மூன்று.